மாவுனுக்கு டிக்கெட் எடுக்கும் முன்

கேள்வி: வணக்கம் சார். நான் காசிமேட்டுப் பெண். அப்பா லாஞ்சு இன்ஜின் மெக்கானிக். மகாராஷ்டிரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கையில் 212 மணிநேரம், மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்கிறது. பெரிய ஏர்லைன்களில் டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டும் தகுதி) முடித்துவிட்டு வா என்கிறார்கள். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே பேங்கில் இருப்பதால் இன்னொரு கடன் வாங்க முடியாது. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா, மாவுன் பக்கம் 200 மணிநேரம் இருந்தாலே சின்ன விமானம் ஓட்ட வேலை கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நிறைய கம்பெனிகளுக்கு மெயில் போட்டேன், ஒன்றிரண்டைத் தவிர பதிலே இல்லை. மண்ணடியில் ஒரு ஏஜென்ட் ஆறு லட்சம் கொடுத்தால் வேலையோடு அனுப்புகிறேன் என்கிறார். அப்பா, 'ஆப்பிரிக்காவும் வேணாம் ஒண்ணும் வேணாம்' என்கிறார். நான் போகலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

போகலாம்மா. ஆனால் இந்த மாதம் வேண்டாம். அந்த ஏஜென்ட் வழியாக எப்போதுமே வேண்டாம்.

நானும் தண்டையார்பேட்டையில் வளர்ந்து, மாவுனில் செஸ்னா ஓட்டி, அப்புறம் ஏடிஆர் என்ற இரட்டை இன்ஜின் பயணி விமானத்தின் பக்கம் வந்தவன்தான். இப்போது புதிதாகச் சேர வருகிறவர்களின் லாக்புக் (பறந்த நேரத்தைப் பதியும் புத்தகம்) என் மேசைக்கும் வருகிறது. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் மெயில்களுக்கு ஏன் பதில் வரவில்லை என்று பார்ப்போம். கடைக்கோடி ஊரில் மணிநேரம் அதிகம் கேட்கமாட்டார்கள் என்று உங்கள் சீனியர்கள் சொன்னது பாதி உண்மை. இத்தனை மணிநேரம் இருந்தால்தான் விமானத்தைக் கையில் கொடுக்கலாம் என்று சொல்வது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லோரும் உங்களைப் போலவே மெயில் போடுகிறார்கள். அந்தக் கம்பெனிக்காரருடைய கவலை வேறு. புதியவர் ஒருவரைச் சேர்த்தால் வாரக்கணக்கில் ஒரு சீனியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு மண் ஓடுதளத்தையும் காட்டிப் பழக்க வேண்டும். எரிபொருள், விமானம், சீனியரின் நேரம் எல்லாம் அவர் செலவு. பழகி முடித்த ஆள் ஐந்நூறு மணிநேரம் சேர்ந்ததும் பெட்டியைக் கட்டினால் அவருக்கு நஷ்டம். ஆகவே அவர் தேடுவது இந்தப் புழுதியிலும் வெயிலிலும் இரண்டு சீசன் தங்கக்கூடிய ஆளை. அதை மெயிலில் எப்படிக் கண்டுபிடிப்பார்? நேரில் பார்த்துத்தான்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. காசிமேட்டில் லாஞ்சுக்கு ஆள் எப்படிச் சேர்க்கிறார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகெல்லாம் கரையில் ஏறி, பலகை மாற்றி, உங்கள் அப்பா கையில் இன்ஜின் பிரிந்து கிடக்கும். அந்த அறுபத்தொரு நாளில் தினமும் வந்து நின்று, வலை தைக்கக் கைகொடுத்து, டிரைவர் கண்ணில் பட்டவனுக்குத்தான் முதல் கடலில் இடம். படகு கிளம்பிய பிறகு கரையில் நின்று கையை ஆட்டினால் யார் திரும்பி வருவார்கள்? மாவுனும் அப்படித்தான்.

அங்கே சீசன் எப்படி ஓடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாவுன் பக்கத்து ஒகவாங்கோ ஆறு கடலில் போய்ச் சேர்வதில்லை, களஹாரி மணலில் விரிந்து முடிகிறது. அங்கோலா மலைகளில் பெய்த மழைத்தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி, பல மாதம் கழித்துத்தான் டெல்டாவுக்கு வருகிறது. அதனால் உள்ளூரில் சொட்டு மழை இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். தண்ணீருக்கு விலங்குகள் வரும், விலங்குகளைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பாதைகள் தண்ணீருக்கடியில் என்பதால் சஃபாரி முகாம்களுக்கு விமானம்தான் வண்டி. அக்டோபர் வரை இந்த ஓட்டம். அதற்குத் தேவையான பைலட்டுகளைச் சீசனுக்கு முன்பே பிடித்துப் பழக்கி முடித்திருப்பார்கள். நீங்கள் ஆகஸ்டில் போய் நின்றால் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. வருடக் கடைசியிலிருந்து மார்ச் வரை கூட்டம் குறைவு, பழைய ஆட்கள் கிளம்பும் நேரமும் அதுதான். நேரில் பார்க்கப் போவதானால் அந்த மாதங்களில் போங்கள்.

போய் என்ன செய்வது? விமான நிலையத்தை ஒட்டியே கம்பெனி அலுவலகங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சீஃப் பைலட் யார் என்று கேட்டு, ஒரே ஒரு பக்கம் பயோடேட்டாவைக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் மறுபடி எட்டிப் பாருங்கள். சாயங்காலம் பைலட்டுகள் கூடும் இடத்தில் நீங்களும் இருங்கள். யார் ராஜினாமா கொடுத்தார், எந்த விமானம் பராமரிப்பில் இருக்கிறது, எந்த கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போகிறது எல்லாம் அங்கேதான் தெரியவரும். ஆனால் 'சும்மா லோடிங் உதவி செய், பழகிக்கொள்' என்று யாராவது அழைத்தால் கவனம். விசிட்டராக வந்தவர் சம்பளம் இல்லாமல் செய்தாலும் வேலை வேலைதான், குடிவரவு அதிகாரி பிடித்தால் கதை முடிந்தது. எந்த விசாவில் என்ன செய்யலாம் என்று டெல்லியில் உள்ள போட்ஸ்வானா தூதரகத்தில் எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது சரி என்றால் அடுத்தது செக் ஃப்ளைட், அதாவது உங்களை ஓட்டச் சொல்லிப் பார்க்கும் சோதனை. இதில்தான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள் பயிற்சி எடுத்தது நீளமான தார் ஓடுதளத்தில், பெரும்பாலும் இரண்டு பேர் பாரத்தோடு. அங்கே ஆறு இருக்கை செஸ்னா 206, முழுப் பாரம், மண் தரை, கொதிக்கும் மதியம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப்போக ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறைவு, இதுதான் புத்தகக் கணக்கு. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் விமானம் ஏறக்குறைய 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். 38 டிகிரி வெயிலில் காசிமேட்டுக் கரையிலேயே அதற்கு 2,700 அடிக்கு மேல் என்ற நினைப்பு. மாவுன் தரையே 3,100 அடி. அங்கே அதே 38 டிகிரி என்றால் கணக்கு 6,600 அடியைத் தொடும். இன்ஜின் சோர்ந்துபோகும், இறக்கை சோர்ந்துபோகும், ஓடுதளம் மட்டும் நீளாது. 'இத்தனை பேர், இத்தனை பை, இவ்வளவு எரிபொருள், ஏறுமா ஏறாதா?' என்று செக் பைலட் கேட்பார். சார்ட்டைத் திறந்து நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏறாது என்றால் ஏறாது என்று சொல்லிப் பையை இறக்கவும் தெரிய வேண்டும். அங்கே பயணிக்கு 20 கிலோ, அதுவும் மெத்தென்ற பை என்று விதி வைத்திருப்பதன் காரணம் இந்தக் கணக்குதான். கெட்டியான சூட்கேஸ் சின்ன விமானத்தின் லக்கேஜ் அறைக்குள் நுழையாது.

இறங்கும்போது ஓடுதளத்தில் யானை நிற்கலாம், மான் கூட்டம் குறுக்கே ஓடலாம். ஒருமுறை தாழப் பறந்து விரட்டிவிட்டுச் சுற்றி வந்து இறங்குவது அங்கே அன்றாட வேலை. மதிய வெப்பக்காற்றில் விமானம் குலுங்கும், பயணி வாந்தி எடுப்பார், அதைத் துடைப்பதும் நீங்கள்தான். பை தூக்குவது, எரிபொருள் அளப்பது, பயணிக்குச் சிரித்த முகத்தோடு சிங்கம் எங்கே என்று காட்டுவது எல்லாம் அதே சம்பளத்தில் சேர்த்திதான். இதைச் சொல்லும்போது முகம் சுளிக்கிறவர்களை சீஃப் பைலட் அங்கேயே கழித்துவிடுவார்.

இப்போது கசப்பான பகுதி. போட்ஸ்வானாவில் முதல் உரிமை அந்நாட்டுப் பைலட்டுகளுக்கு. அது நியாயம்தான். வெளிநாட்டவரை எடுக்கும் கம்பெனி வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கலாம். உங்கள் இந்திய உரிமத்துக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஏற்பும் வேண்டும். இத்தனை தொல்லையையும் 212 மணிநேர ஆளுக்காகச் சுமக்கிற கம்பெனி குறைவு. 500 மணிநேரத்தோடு, அதில் பெரும்பகுதி கேப்டனாகப் பறந்த ஆளாகப் போனால் பேச்சே வேறு. அதனால்தான் இந்த மாதம் வேண்டாம் என்றேன்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் வடக்கு, கனடாவின் வடக்கு இரண்டிலும் இதே மாதிரிச் சின்ன விமான வேலை உண்டு. கனடாவில் முதலில் பல மாதம் விமானத்துக்குச் சாமான் ஏற்றும் வேலை கொடுத்து, அப்புறம்தான் சீட் தருகிற வழக்கமும் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் வேலை செய்யும் உரிமை கையில் இல்லாமல் கதவு திறக்காது. அலாஸ்காவில் அதே தடையோடு, வாடகை விமானத்தைத் தனியாக ஓட்ட குறைந்தது 500 மணிநேரம் என்பது அமெரிக்கச் சட்டம். இந்தோனேசியாவின் பாப்புவாவில் வேலை இருந்தாலும் உங்கள் முதல் வேலைக்கு அந்த இடத்தை நான் சொல்லமாட்டேன். 2023 பிப்ரவரியில் அங்கே சிறிய விமானம் ஓட்டிய நியூசிலாந்து பைலட் ஒருவரைப் பிரிவினைவாதிகள் பிடித்துப் போய், 2024 செப்டம்பரில்தான் விட்டார்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று மாலத்தீவு கடல் விமானங்களைக் கேட்பீர்கள். அங்கே கோ-பைலட் சீட் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு.

அப்படியென்றால் 212-ஐ 500 ஆக்குவது எங்கே? இந்தியாவிலேயே. கடைக்கோடி நம் நாட்டிலும் இருக்கிறது. நீங்கள் அதை லிஸ்டில் சேர்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அசிஸ்டன்ட் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுப்பேன். அதற்கும் பறக்கும் நேரத்துக்குப் பணம் ஆகும், ஆனால் டைப் ரேட்டிங் செலவோடு ஒப்பிடவே முடியாது. ஃப்ளையிங் ஸ்கூல்கள் கஜுராஹோ, லீலாபாரி, கலபுர்கி, பெலகாவி என்று சின்ன ஊர்களில்தான் பெருகுகின்றன. இன்ஸ்ட்ரக்டராக உட்காரும் ஒவ்வொரு மணிநேரமும் பைலட் இன் கமாண்டாக, அதாவது கேப்டன் நேரமாக லாக்புக்கில் ஏறும், கையில் சம்பளமும் வரும். தவிர, ஒருநாளைக்குப் பத்துமுறை மாணவர் விமானத்தைத் தப்பாக இறக்குவதைத் திருத்திப் பழகிய கைக்கு மண் ஓடுதளம் சீக்கிரம் வசப்படும். கேட்பதற்குக் கவர்ச்சி குறைவு, தெரியும். வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் இருந்து பார்த்தால் நல்ல பக்கம் அது.

இரண்டாவது, சின்ன ஊர்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்ட வழித்தடங்கள். 2022 ஏப்ரலில், அரசு நிறுவனமான எச்ஏஎல் செய்த 17 இருக்கை டோர்னியர், திப்ரூகரிலிருந்து அருணாச்சலத்தின் பாசிகாட்டுக்குப் பறக்கத் தொடங்கியது. ஓட்டியது அலையன்ஸ் ஏர். ஒடிசாவில் இந்தியாஒன் ஏர், செஸ்னா காராவானைக் கொண்டு உத்கேலா, ஜெய்ப்பூர் (கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூர், ராஜஸ்தானுடையது இல்லை) என்று ஊர்களை இணைத்தது. கோவாவிலிருந்து ஃப்ளை91 ஏடிஆரில் லட்சத்தீவின் அகத்தி வரை போகிறது. அகத்தி ஓடுதளம் 1,200 மீட்டர் சொச்சம், நம் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இப்படிப்பட்ட கம்பெனிகளில் ஆள் எடுப்பு எப்போது வரும் என்று தினமும் பாருங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். காராவான் ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம். அதில் கோ-பைலட்டாக உட்காரும் நேரத்தில் பாதிதான் மேல்நிலை உரிமத்துக்குச் சேரும் என்பது உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் பொது விதி. முழுதாக எண்ண விலக்கும் உண்டு, நாட்டையும் விமானத்தின் அமைப்பையும் பொறுத்து. ஏடிஆரில் இந்தப் பிரச்சினை கிடையாது, அதற்கு இரண்டு பேர் கட்டாயம். ஏடிபிஎல் எனும் அந்த மேல்நிலை உரிமத்துக்கு 1,500 மணிநேரம் தேவை எனும்போது பாதியா முழுசா என்பது உங்களுக்கு வருடக் கணக்கு.

எங்கே போனாலும் உங்கள் இந்தியக் காகிதங்கள் செத்துப்போகக் கூடாது. கிளாஸ் 1 மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் செக் இரண்டும் வருடா வருடம். கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதை எழுதாமல் விட்டதைப் பார்த்தால் ரொம்ப நாளாகியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. தொண்ணூறு நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் இல்லாதவர் பயணியை ஏற்றக்கூடாது. மாதம் ஒரு மணிநேரமாவது ஏதாவது ஃப்ளையிங் ஸ்கூலில் வாடகைக்கு எடுத்துப் பறங்கள். சீஃப் பைலட் லாக்புக்கில் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தை. வெளிநாட்டில் பறந்தால் ஒவ்வொரு மாதமும் அந்தக் கம்பெனியின் கையெழுத்தும் முத்திரையும் அந்த மாதமே வாங்கிவிடுங்கள். கம்பெனி மூடிய பிறகு முத்திரைக்கு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மண்ணடி ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் வேலை என்று சொல்லிப் பணம் வாங்கியவர்களால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எத்தனை வீடு அழுதது என்று உங்கள் அப்பாவுக்கே தெரியும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட சேவைக்கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டக்கூடாது. ஆறு லட்சம் கேட்கிற ஆளிடம் அதற்குமேல் பேச எதுவும் இல்லை. அவர் 'லைன் டிரெயினிங்' என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் அதே பதில்தான். பறப்பதற்கு நீங்கள் காசு கொடுத்தால் அங்கே நீங்கள் வாடிக்கையாளர். பணம் தீர்ந்ததும் அடுத்த வாடிக்கையாளர் அந்த சீட்டில் உட்காருவார்.

அப்பாவிடம் என்ன சொல்வது? பயம் வீண் என்று சொல்லாதீர்கள், வீண் இல்லை. ஒற்றை இன்ஜின் விமானம், கீழே ஆள் இல்லாத காடு, இந்த வயதில் தனி ஆள். ஆனால் அவர் இன்ஜின் மெக்கானிக் ஆயிற்றே! அவருக்குப் புரியும் கேள்விகளை எடுத்துக்கொண்டு கம்பெனியைச் சோதியுங்கள். இன்ஜின் எத்தனை மணிநேரத்தில் ஓவர்ஹால்? சொந்த மெக்கானிக்கா, வெளி ஆளா? ஒவ்வொரு விமானத்திலும் சாட்டிலைட் டிராக்கர் உண்டா? வானிலை சரியில்லை, போகமாட்டேன் என்று பைலட் சொன்னால் சம்பளம் பிடிப்பார்களா? கடைசிக் கேள்வியை கம்பெனியிடம் கேட்காதீர்கள், அங்கிருந்து வெளியே வந்த இரண்டு பேரைத் தேடிக் கேளுங்கள். தங்குமிடம் பற்றியும் அங்கே வேலை செய்யும் பெண்களிடமே கேளுங்கள். நம் நாட்டுப் பைலட்டுகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள். உலக சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பேட்ச் அக்காக்களில் யாராவது அந்தப் பக்கம் போயிருப்பார்கள்.

பண விஷயம். ஒன்றரை வருடம் ஆகிவிட்டதென்றால் தவணை ஓட ஆரம்பித்திருக்கும். இன்ஸ்ட்ரக்டர் சம்பளத்தில் ஆறு மாதத் தவணை, மாவுனில் மூன்று மாதம் தங்கும் செலவு, திரும்பி வரும் டிக்கெட், இந்த மூன்றும் தனியாகச் சேர்ந்த பிறகு கிளம்புங்கள். மூன்று மாதத்தில் கிடைக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிட வேண்டும். 'இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்' என்று கடன் வாங்கித் தங்கியவர்கள் கடைசியில் சம்பளமில்லாத வேலைக்கும் தலையாட்டினார்கள்.

கடைசியாக ஊசி. ஒகவாங்கோ பக்கம் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள், மெஃப்ளோகுயின் பைலட்டுகளுக்கு அனுமதி இல்லாத மருந்து. விமான மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் போட்டால் திரும்பும்போது இங்கே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கலாம், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், உங்களுக்கு அதைவிடப் பக்கம் ராஜாஜி சாலைத் துறைமுக சுகாதார அலுவலகம். என்றைக்குப் போடுகிறார்கள் என்று போன் செய்து கேட்டுப் போங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.